டையூவின் வணாக்பாரா: ஒரு மீனவ கிராமத்தின் அமைதிக்கு நாலு காரணங்கள்

டையூ என்று இன்ஸ்டாகிராமில் தேடினால் என்ன வரும்? நாகோவா கடற்கரை, போர்ச்சுகீசியர் கோட்டை, நாய்தா குகைகளுக்குள் விழும் வெளிச்சம். ரெண்டு நாள் லீவு, ஒரு வாடகை ஸ்கூட்டர், அவ்வளவுதான் ட்ரிப்.

அதே ஸ்கூட்டரை மேற்கே திருப்பி, தீவு முடியுற இடம் வரைக்கும் ஓட்டிப் பாருங்கள். வேறு ஒரு ஊர் வரும். பேர் வணாக்பாரா. துறை முழுக்க வண்ணமடித்த மரப் படகுகள். கரையில் பாதி கட்டிய ஒரு படகு, மீனின் எலும்புக்கூடு மாதிரி நிற்கும். கயிறுகளில் மீன் காயும். பீச் ஷாக் கிடையாது, வாட்டர் ஸ்போர்ட்ஸ் கிடையாது.

"அமைதியான மீனவ கிராமம்" என்று பயணக் குறிப்புகள் ஒரே வரியில் சொல்லிவிட்டுப் போய்விடும். ஆனால் அந்த அமைதிக்குக் காரணம் ஒன்று இல்லை, நாலு. எந்த மாதம், எந்த நேரம், எந்தத் தெருவில் நிற்கிறீர்கள் என்பதைப் பொறுத்து காரணம் மாறும். அது தெரிந்தால் நீங்கள் அங்கே நடந்துகொள்ளும் விதமும் மாறும். அதனால்தான் இந்தக் கட்டுரை.

முதலில், டையூ எங்கே இருக்கு?

குஜராத்தின் சௌராஷ்டிரா தீபகற்பத்துக்குத் தெற்கே, கரையை ஒட்டினாற்போல் உள்ள சின்னத் தீவு. பரப்பளவு சுமார் 40 சதுர கி.மீ. ஒரு குறுகிய கடல் ஓடையும் உப்பளங்களும்தான் அதைக் குஜராத்திலிருந்து பிரிக்கின்றன. உள்ளூரில் 'தீவ்' என்பார்கள். 'த்வீப' என்ற சொல்லிலிருந்து வந்த பெயர், அதாவது தீவு.

1535-இல் போர்ச்சுகீசியர் இங்கே காலூன்றினார்கள். 1961 டிசம்பரில் இந்திய ராணுவம் மீட்கும் வரை 426 ஆண்டுகள் அவர்கள் கையில் இருந்தது. பிறகு கோவா, டாமனோடு சேர்ந்து யூனியன் பிரதேசம். 1987-இல் கோவா தனி மாநிலமானது. 2020 ஜனவரி 26 முதல் 'தாத்ரா நகர் ஹவேலி மற்றும் டாமன் டையூ' என்ற ஒரே யூனியன் பிரதேசத்தின் ஒரு மாவட்டம். 2011 கணக்கெடுப்பின்படி மக்கள்தொகை 52,074. நம்ம ஊர்க் கணக்கில் ஒரு சிறு நகராட்சி அளவுதான்.

சுற்றிலும் மதுவிலக்கு உள்ள குஜராத், நடுவில் மது கிடைக்கும் டையூ. வார இறுதியில் நாகோவா ஏன் திருவிழாக் கூட்டமாக இருக்கிறது என்பதற்கு வேறு விளக்கம் தேவையில்லை. அந்தக் கூட்டம் வணாக்பாரா வரைக்கும் பெரும்பாலும் வராது.

சென்னை, பெங்களூருவிலிருந்து போக வேண்டுமானால் அகமதாபாத் அல்லது ராஜ்கோட் வரை விமானம், அங்கிருந்து ஊனா வழியாகச் சாலையில் டையூ. ரயில் பிடிக்கும் என்றால் வேராவல் வரை வந்து, அங்கிருந்து கிழக்கே சுமார் 90 கி.மீ. சாலைப் பயணம். சோமநாதர் கோயிலும் அதே பக்கம்தான். டையூ நகரத்திலிருந்து வணாக்பாராவுக்கு ஸ்கூட்டரில் அரை மணி நேரம்.

முதல் அமைதி: படகுகள் கரையேறிய மாதங்கள்

தமிழ்நாட்டுக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம் என்பது உங்களுக்குத் தெரியும். மேற்குக் கரையில் அந்த 61 நாள் ஜூன் 1-இல் தொடங்கி ஜூலை 31 வரை. பக்கத்துக் குஜராத்தில் அண்மை ஆண்டுகளில் ஆகஸ்ட் நடுப்பகுதி வரை நீட்டித்திருக்கிறார்கள். மீன்கள் இனப்பெருக்கம் செய்ய அவகாசம் தருவது ஒரு நோக்கம். தென்மேற்குப் பருவமழையில் அரபிக் கடல் இருக்கும் கோபத்தில் படகுகளைக் காப்பது இன்னொன்று.

இந்த மாதங்களில் நீங்கள் போனால், எஞ்சின் சத்தமே இல்லாத ஊரைப் பார்ப்பீர்கள். ஆனால் வேலை நிற்கவில்லை. கடலில் நடந்த வேலை கரைக்கு வந்திருக்கிறது. வலை பின்னுவது, பழைய பலகையை மாற்றுவது, எஞ்சினைப் பிரிப்பது, வண்ணம் அடிப்பது எல்லாம் இப்போதுதான்.

படகு கட்டுமிடம் என்றதும் கூரை, கிரேன், கேட் என்று கற்பனை பண்ணாதீங்க. சௌராஷ்டிரா கரையில் மரப் படகுக்குத் தேவையானது தண்ணீரை ஒட்டிய ஒரு திறந்த வெளி, அவ்வளவுதான். கடல் ஏறும்போது மிதக்கிற படகுகள், வற்றும்போது ஓடைச் சேற்றில் உட்காரும். அந்த நேரத்தில் அடிப்பாகத்தைப் பழுது பார்த்துவிடலாம். இங்கே கடலே அரை வேலைக்கு உதவியாள்.

படகு எப்படி உருவாகிறது? முதலில் அடியில் நீளமான ஏரா, அதாவது படகின் முதுகெலும்பு. முன்னும் பின்னும் அதிலிருந்து எழும் நிலைக்கட்டைகள். பிறகு வங்குகள் எனப்படும் விலாச் சட்டங்கள். இந்தக் கரையில் இவற்றுக்குக் கருவேல மரம் பிரபலம். நம்ம கரிசல் காட்டில் நிற்கும் அதே நாட்டுக் கருவேலம்தான். நேராக வளராத மரம் என்பதுதான் அதன் பெருமை. ஏற்கெனவே வளைந்திருக்கும் கிளையைத் தேடி எடுத்து, படகின் வளைவுக்கு ஏற்றபடி செதுக்குகிறார்கள். வெட்டி வளைத்த மரத்தைவிட, தானே வளைந்த மரம் உறுதி.

அதன்மேல் பலகைகள். பலகைக்கும் பலகைக்கும் இடையே இருக்கும் மெல்லிய இடைவெளியில் பஞ்சுத் திரியை உளி வைத்து அடித்து இறுக்குவார்கள். நம் கடலோர ஊர்களில் இதைக் கலப்பத்து என்பார்கள். தண்ணீரில் இறங்கியதும் மரம் ஊறி உப்பும், பஞ்சும் உப்பும், தண்ணீர் புக வழி அடைபடும். பல மிஸ்திரிகளுக்குக் காகித வரைபடம் தேவைப்படாது. அளவு கையில், வளைவு கண்ணில். ஐ.டி.யில் வேலை செய்கிறவர்களுக்குப் புரியும்படி சொன்னால், டாக்குமென்டேஷனே இல்லாத, ஆனால் தலைமுறைகளாக ஓடிக்கொண்டிருக்கும் ஒரு சிஸ்டம். அதன் ஆபத்தும் அதேதான். தெரிந்தவர் விலகினால் தெரிந்ததும் விலகிவிடும்.

ஏனென்றால் இப்போது ஃபைபர் படகுகள் வந்துவிட்டன. எடை குறைவு, மரம்போல ஆண்டுதோறும் பராமரிப்புக் கேட்பதில்லை, அச்சு இருந்தால் ஒன்றுபோல இன்னொன்றைச் செய்துவிடலாம். மரப் படகுகளுக்கே மேலே ஃபைபர் பூச்சு கொடுக்கிறார்கள். நல்ல மரத்தின் விலையும் ஏறிவிட்டது. நீங்கள் பார்க்கும் அந்த எலும்புக்கூட்டுப் படகுக்கு முன்னால் செல்ஃபி எடுப்பதைவிட, பத்து நிமிடம் நின்று உளி வேலையைப் பார்ப்பது லாபம்.

தடைக்காலம் முடிவதோடு ஒரு பண்டிகையும் சேர்ந்து வரும். நாரியேளி பூர்ணிமா. நாம் ஆவணி அவிட்டம் கொண்டாடும் அதே பௌர்ணமியை ஒட்டி, கடலுக்குத் தேங்காய் படைத்து புதிய சீசனைத் தொடங்குவார்கள்.

இரண்டாவது அமைதி: ஆண்கள் கடலில் இருக்கும் நேரம்

செப்டம்பர் முதல் மே வரை போனால் கதை வேறு. காலை 7 மணிக்கு அங்கே அமைதியே இருக்காது. இரவில் போன சிறு படகுகள் திரும்பும். கூடை, ஐஸ், ஏலக் குரல், வண்டி, எல்லாமே ஒரே நேரத்தில். ஒன்பது, பத்து மணிக்கு மேல் போனால் அடங்கிவிடும். "சும்மா கிடக்கிற ஊர்" என்று நினைத்துக்கொள்வீர்கள். உண்மையில் நீங்கள் லேட்டாக எழுந்துவிட்டீர்கள்.

பெரிய டிராலர்களின் கணக்கு வேறு. ஐஸும் டீசலும் ஏற்றிக்கொண்டு, ஆறு முதல் எட்டுப் பேர் ஒரு படகில் கிளம்பினால், திரும்ப இரண்டு மூன்று வாரம்கூட ஆகலாம். படகை நடத்துபவர் 'டண்டேல்'. இந்தச் சொல் உங்களுக்குத் தெரிந்ததுதான். தூத்துக்குடித் தோணிகளிலும் தலைவருக்குத் தண்டல் என்றுதான் பேர். மற்றவர்கள் கலாசிகள். பலர் சொந்த ஊர்ப் படகில்கூடப் போவதில்லை. சீசனுக்கு முன்பணம் வாங்கிக்கொண்டு போர்பந்தர், ஓகா படகுகளில் ஏறுகிறார்கள். ஆக மாதக்கணக்கில் ஊரில் ஆண்கள் குறைவு.

அப்போது ஊரை நடத்துவது பெண்கள். மீனைத் தரம் பிரிப்பது, சுமப்பது, காய வைப்பது, விற்பது. இந்தக் கரையின் முக்கியமான கருவாடு 'பாம்பே டக்'. குஜராத்தியில் பூம்லா, மும்பையில் பொம்பில். பேரில்தான் வாத்து, அது மீன். உடம்பு பூராவும் தண்ணீர் என்பதால் பிடித்ததும் சீக்கிரம் கெட்டுவிடும். அதனால் இரண்டு மீன்களின் தாடைகளை ஒன்றோடொன்று கோத்து, கயிற்றில் தொங்கவிட்டு வெயிலில் காய வைக்கிறார்கள். உங்களுக்கு அது ஒரு நல்ல ஃப்ரேம். அவர்களுக்கு அது அன்றைய கூலி.

பிடிபடும் எல்லாமே டையூவின் தட்டுக்கு வருவதில்லை. வாளை, கணவாய் போன்றவை வேராவல், போர்பந்தர் பதனிடும் ஆலைகளுக்குப் போய், அங்கிருந்து சீனா உள்ளிட்ட நாடுகளுக்கு ஏற்றுமதியாகின்றன.

மூன்றாவது அமைதி: பூட்டிய வீடுகள்

டையூவின் கிராமங்களில் நடக்கும்போது ஒரு விஷயம் கண்ணில் படும். நல்ல, புதிய, பெரிய வீடுகள். வாசலில் பூட்டு.

காரணம் லிஸ்பனில் இருக்கிறது. 1961 டிசம்பர் 19-க்கு முன்பு டையூவில் பிறந்தவர்களைப் போர்ச்சுகல் தன் குடிமக்களாகப் பதிவு செய்துகொள்ள அனுமதிக்கிறது. அந்த வழியில் பிள்ளைகள், பேரப்பிள்ளைகளும் விண்ணப்பிக்கலாம். போர்ச்சுகல் பாஸ்போர்ட் என்றால் ஐரோப்பிய ஒன்றியத்தின் பாஸ்போர்ட். பிரெக்ஸிட்டுக்கு முன்பு அது பிரிட்டனுக்கு நேரடி அனுமதிச் சீட்டு. டையூ, டாமன் குடும்பங்கள் லெஸ்டர் போன்ற நகரங்களுக்குப் போய், கிடங்குகளிலும் தொழிற்சாலைகளிலும் வேலைக்குச் சேர்ந்தன. 2020 முடிவோடு அந்தக் கதவு பெரும்பாலும் மூடிவிட்டது. அதற்குள் போனவர்கள் போனவர்களே.

இதற்கு ஒரு விலை உண்டு. இந்தியா இரட்டைக் குடியுரிமையை ஏற்பதில்லை. போர்ச்சுகல் குடியுரிமையை எடுத்தால் இந்தியக் குடியுரிமை போய்விடும். அப்புறம் சொந்த ஊருக்கே வெளிநாட்டவராகத்தான் வர வேண்டும்.

டையூவுக்கு இது புதுப் பழக்கமும் இல்லை. போர்ச்சுகீசியர் காலத்திலேயே இந்தத் தீவின் வணிகர்களும் கொத்தனார்களும் மொசாம்பிக் வரை போய் வாழ்ந்திருக்கிறார்கள். கடலோடும் ஊருக்குத் தூரம் பெரிய விஷயமில்லை. ஆனால் மகன் லெஸ்டரில் மாதச் சம்பளம் வாங்கும்போது, அப்பாவின் உளியை யார் எடுப்பது? படகு கட்டும் வேலை மெலிந்துவருவதற்கு ஃபைபர் மட்டும் காரணமில்லை.

நான்காவது அமைதி: காத்திருக்கும் வீடுகள்

இதுதான் பயணக் குறிப்புகளில் வராத அமைதி.

ஆண்டுதோறும் ஜனவரி 1, ஜூலை 1 ஆகிய இரு நாட்களில் இந்தியாவும் பாகிஸ்தானும் தங்கள் காவலில் உள்ள மற்ற நாட்டவரின் பட்டியலைப் பரிமாறிக்கொள்கின்றன. 2008-இல் போட்ட ஒப்பந்தம் அது. அணுசக்தி நிலையங்களின் பட்டியலோடு சேர்ந்து வருவதால், ஜனவரிச் செய்தியில் இது இரண்டாம் பத்தியில் போய்விடும். 2025 ஜூலை 1 பட்டியலில், இந்தியர்கள் அல்லது இந்தியர்களாகக் கருதப்படும் 193 மீனவர்கள் தன் காவலில் இருப்பதாகப் பாகிஸ்தான் தெரிவித்தது. தன் காவலில் 81 மீனவர்கள் இருப்பதாக இந்தியா சொன்னது.

பாகிஸ்தான் சிறைகளில் இருக்கும் இந்திய மீனவர்களில் பெரும்பாலோர் குஜராத், டையூ கரையைச் சேர்ந்தவர்கள். வணாக்பாராவும், ஓடைக்கு அந்தப் பக்கம் இருக்கும் குஜராத்தின் கோட்டடாவும், ஊனாவைச் சுற்றியுள்ள கிராமங்களும் இந்தச் செய்திகளில் திரும்பத் திரும்ப வரும் பேர்கள்.

ஏன் எல்லை தாண்டுகிறார்கள்? ராமேஸ்வரம், நாகப்பட்டினம் செய்திகளைப் படித்து வளர்ந்த உங்களுக்குப் பாதி விடை தெரியும். பக்கத்துக் கடலில் மீன் குறைந்தது, நல்ல மீன் தூரத்தில் இருக்கிறது, வலை நீரோட்டத்தில் நகர்கிறது, தண்ணீரில் கோடு தெரியாது. ஆனால் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. இந்தியா–இலங்கை கடல் எல்லை 1974, 1976 ஒப்பந்தங்களில் வரையப்பட்டுவிட்டது. அது சரியா தப்பா என்பதுதான் சண்டை. இந்தியா–பாகிஸ்தான் இடையே கடல் எல்லைக் கோடே இன்னும் உடன்பாடாகவில்லை. கட்ச் அருகே 96 கி.மீ. நீளமுள்ள சர் கிரீக் ஓடை யாருக்கு எவ்வளவு என்ற தகராறு தீராமல், கடலுக்குள் கோடு போட முடியாது.

இன்னொரு வித்தியாசம் காலம். அங்கே பிடிபடும் தமிழக மீனவர்களில் பலர் சில வாரங்களில் அல்லது மாதங்களில் திரும்பிவிடுகிறார்கள். இங்கே கராச்சியின் மலிர் சிறையில் தண்டனைக் காலம் முடிந்த பிறகும் ஆண்டுக்கணக்கில் இருந்தவர்கள் உண்டு. அவர் இந்தியர்தான் என்று உறுதிசெய்ய வேண்டும், அதற்கு மேல் இரு நாட்டு உறவு சுமுகமாக இருக்க வேண்டும். விடுதலையானாலும் வந்த வழியே போக முடியாது. கடலில் பிடிபட்டவர் கராச்சியிலிருந்து லாகூர் போய், வாகா–அட்டாரி எல்லையை நடந்து கடந்து, பஞ்சாபிலிருந்து ரயில் ஏறி ஊர் வருகிறார். 2014 முதல் 2025 ஜூலை வரை இப்படி 2,661 மீனவர்கள் திரும்பியிருப்பதாக வெளியுறவு அமைச்சகம் சொன்னது.

பிடிபட்ட படகு திரும்புவது மிக அரிது. நீங்கள் கரையில் பார்த்தீர்களே, வங்கு வங்காகச் சேர்த்துக் கட்டிக்கொண்டிருந்த படகு? ஒரு குடும்பத்தின் மொத்தச் சேமிப்பும் கடனும் அதில் இருக்கிறது. அடுத்த முறை துறையில் நிற்கும்போது படகுகளின் முகப்பில் இருக்கும் பதிவு எண்ணைப் பாருங்கள். நம்ம படகுகளில் 'டிஎன்' இருக்கும் இடத்தில் இங்கே 'டிடி', அக்கரைப் படகில் 'ஜிஜே'. நடுக்கடலில் ஒரு மனிதரை அடையாளம் காட்டுவது அந்த எழுத்துகளும் சட்டைப்பையில் இருக்கும் ஓர் அட்டையும்தான்.

சரி, நான் போகலாமா?

தாராளமாகப் போகலாம். ஆனால் அது காட்சிப் பொருள் இல்லை, வேலை நடக்கும் இடம் என்று நினைத்துப் போங்கள். உங்கள் ஆபீஸுக்குள் யாரோ கேமராவோடு நுழைந்தால் எப்படி இருக்கும்?

* படம் எடுக்கும் முன் கேளுங்கள். மொழி தெரியாவிட்டால் கேமராவைக் காட்டித் தலையை ஆட்டினால் போதும், புரியும். மீன் காய வைக்கும் பெண்களிடம் கட்டாயம் கேளுங்கள். வேண்டாம் என்றால் சிரித்துவிட்டு நகருங்கள்.
* விரித்திருக்கும் வலையை மிதிக்காதீர்கள், தாண்டாதீர்கள். சுற்றிப் போங்கள். கட்டிக்கொண்டிருக்கும் படகில் ஏறாதீர்கள்.
* ட்ரோன் வேண்டாம். விமான நிலையம் இருக்கும் சின்னத் தீவு, எல்லைக்கு அருகே உள்ள கடற்கரை. டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தைப் பார்க்காமல் பறக்கவிட்டால் வம்பு உங்களுக்குத்தான்.
* "உங்க வீட்டுல யாராவது பாகிஸ்தான் ஜெயில்ல இருக்காங்களா?" என்று கேட்காதீர்கள். அவர்களாகப் பேசினால் கேளுங்கள். ரெக்கார்டிங் பட்டனை அழுத்தாமல் கேளுங்கள்.
* பாட்டிலோடு துறைக்கு வராதீர்கள். திரும்பும்போது பையில் ஒரு பாட்டில்கூட இருக்கக்கூடாது. பாலம் தாண்டினால் குஜராத், மதுவிலக்குச் சட்டம் அங்கே உங்களுக்கும் பொருந்தும்.
* மழைக்காலத்தில் போனால் படகுகளைப் பாருங்கள், கடலில் இறங்காதீர்கள்.

எப்போ போனா நல்லது?

படகு வேலை பார்க்க ஆசை என்றால் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை. மீன் இறங்குவதைப் பார்க்க அக்டோபர் முதல் பிப்ரவரி வரை, வெயிலும் குறைவு. இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தால் அலாரம் வைத்து, காலை 7 மணிக்குத் துறையில் இருங்கள்.

கிளம்பும் முன் துறைப் பக்கம் ஒரு டீ குடியுங்கள், கொஞ்சம் கருவாடு வாங்குங்கள். ரிசார்ட்டில் நீங்கள் கொடுக்கும் பணம் இந்தத் தெருவுக்கு வந்துசேர வழியில்லை, இது மட்டும்தான் நேராகப் போகும். ஒரு விஷயம், கருவாட்டை மூணு கவரில் சுற்றி இறுக்கிக் கட்டுங்க. அகமதாபாத் வரைக்கும் ராத்திரி முழுக்க ஏ.சி. பஸ், பக்கத்து சீட்டுக்காரர் சைவமாக இருக்க வாய்ப்பு அதிகம்.